லா ஹோயாவிலிருந்து போடேகா வரை: சிப்பிகளைத் தேடி ஒரு கடற்கரைப் பயணம்

திங்கள், லா ஹோயா

இந்தப் பயணத்துக்கு ஒரே நோக்கம்தான். கடல் மாசை அளக்கச் சிப்பிகளைப் பயன்படுத்தும் முறை வேர்விட்ட இடங்களை, கலிபோர்னியாக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே போய் நேரில் பார்ப்பது. கார் ஓட்டுவது அக்கா. கழிவுநீர்ச் சோதனைக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் சந்தேகம் கேட்க வேறு ஆள் தேடவேண்டியதில்லை. பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

டிசம்பரில் வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் கடல் மிக அதிகமாக உள்வாங்கும் நேரம் குளிர்காலத்தில் பிற்பகலில் வரும். கோடையில் அது விடியற்காலைக்குப் போய்விடும். அரசுத் திட்டங்களுக்குச் சிப்பி எடுப்பதும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். சிப்பி முட்டையும் விந்தும் வெளியிட்ட பிறகு அதன் உடம்பிலிருக்கும் கொழுப்பு குறைந்துவிடும், கொழுப்பில் தங்கியிருந்த ரசாயனமும் கூடவே போய்விடும். அதற்கு முன்பே எடுத்தால்தான் ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிட முடியும்.

ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் கடல் பாலத்துக்கு வடக்கே இருக்கிற பாறைகளில் பிற்பகல் முழுக்கச் சுற்றினோம். இப்போது நிற்கும் பாலம் 1988இல் கட்டியது. முதல் பாலம் 1916இல் வந்தது. அந்த வருஷம் தொடங்கிய கடல்நீர் வெப்பநிலைப் பதிவு இன்றும் தினசரி நடக்கிறது. எட்வர்ட் கோல்ட்பெர்க் இங்கே வேலை பார்த்த வேதியியலர். உலகக் கடற்கரைகள் முழுவதையும் மசல் எனப்படும் பாறைச்சிப்பிகளை வைத்தே கண்காணிக்கலாம் என்று 1975இல் ஒரு சிறு கட்டுரையில் முன்மொழிந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மசல் வாட்ச்’.

தண்ணீரையே நேராகச் சோதித்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். கடல்நீரில் ஈயம் போன்ற உலோகங்கள் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குதான் இருக்கும். மாதிரி எடுக்கும் பாட்டில், படகின் புகை, கையுறைத் தூசி எல்லாமே அதைவிட அதிக ஈயத்தைச் சேர்த்துவிடக்கூடும். அது போகட்டும், சுத்தமாக எடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். “ஒரு பாட்டில் தண்ணி அந்த நிமிஷத்த மட்டும்தான்டா சொல்லும்” என்றாள் அக்கா. நேற்று ராத்திரி யாராவது எதையாவது கடலில் திறந்துவிட்டிருந்தால், காலையில் எடுக்கும் தண்ணீரில் அதன் தடம்கூட இருக்காது.

சிப்பி அப்படி இல்லை. வளர்ந்த ஒரு சிப்பி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைச் செவுள் வழியாக வடிகட்டி உணவு எடுக்கிறது. அந்த நீரிலும் உணவுத் துகள்களிலும் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் திசுவில் சேர்கிறது. சுற்றியிருக்கும் நீரில் உள்ளதைப்போல் ஆயிரம் முதல் லட்சம் மடங்குவரை சில பொருள்கள் அதன் உடம்பில் சேரும். அந்த அளவை எந்தச் சோதனைக்கூடமும் நம்பிக்கையோடு அளக்கலாம். சேர்வதும் வெளியேறுவதும் ஒரே சமயத்தில் நடப்பதால், பேங்க் பாஸ்புக்கின் கடைசி வரி மாதிரி, கடந்த சில வாரங்கள், மாதங்களின் மீதி அங்கே நிற்கிறது. மீனுக்கு எண்ணெயின் நச்சுப் பொருள்களைச் சிதைக்கும் நொதிகள் நன்றாக வேலை செய்யும். சிப்பிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு என்பதால் வந்தது அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், சிப்பி நார்போல ஒன்றைச் சுரந்து பாறையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வாழ்கிறது. அதன் உடம்பில் இருப்பது அந்த இடத்தின் கணக்கு.

1976 முதல் 1978 வரை அமெரிக்காவின் மூன்று கடற்கரைகளிலும் சுமார் 100 இடங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். உலோகங்கள், டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற ஆலை ரசாயனம், எண்ணெய்ப் பொருள்கள், புளூட்டோனியம் எல்லாம் அளந்தார்கள். 1986இல் நோவா என்ற கடல், வளிமண்டல அமைப்பு அதை நிரந்தரத் திட்டமாக எடுத்துக்கொண்டது. கண்காணிப்பு இடங்கள் பிறகு 300ஐ நெருங்கின. பாறைச்சிப்பி இல்லாத தெற்கு வளைகுடாக் கரைகளில் ஆய்ஸ்டர் என்ற இன்னொரு வகைச் சிப்பி, பெரிய ஏரிகளில் வரிச்சிப்பி என்று அங்கங்கே கிடைப்பதை வைத்துக்கொண்டார்கள்.

பாறையில் கைவைத்துப் பார்த்தேன். கருநீல ஓடுகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. இங்கே எதையும் எடுக்கக்கூடாது, பாதுகாக்கப்பட்ட கரை.

செவ்வாய், சான் டியேகோ ஷெல்டர் தீவு

பாய்மரப் படகுகள் நெருக்கமாக நிற்கும் ஒரு சின்னக் குடா. வாய் குறுகலாக இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் சீக்கிரம் மாறுவதில்லை. இங்கே பிரச்சினை எந்த ஆலையும் இல்லை, படகின் அடியில் பூசும் பெயின்ட்தான். சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க நஞ்சு கலந்து பூசுவார்கள்.

1970களிலும் 80களிலும் அந்த நஞ்சு டிரைபியூட்டைல் டின் என்ற கரிமவெள்ளீயம். அதன் விளைவை முதலில் உரக்கச் சொன்னது பிரான்ஸின் ஆர்க்கஷோன் குடாவில் வளர்த்த ஆய்ஸ்டர்கள். ஓடு வளரவேண்டிய விதத்தில் வளராமல் அடுக்கடுக்காகத் தடித்து உருண்டை கட்டியது. இளம் குஞ்சுகள் நிலைக்கவில்லை. 1982இல் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்தப் பெயின்டை பிரான்ஸ் தடை செய்தது. அமெரிக்காவின் சட்டம் 1988இல் வந்தது. உலக அளவிலான தடை 2001இல் ஒப்பந்தமாகி 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் தடைக்கும் கடைசித் தடைக்கும் நடுவே 26 வருஷம். ஓடு தடித்த ஆய்ஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வளவு காலம் எடுத்தது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சான் டியேகோ குடாவில் 1980களின் பிற்பகுதியில் ஓர் அழகான முறையைக் கையாண்டார்கள். சிப்பிகளைக் கூண்டில் வைத்துக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, எவ்வளவு வளர்ந்தது என்று பின்தொடர்ந்தார்கள். உடம்பில் எவ்வளவு நஞ்சு சேர்ந்தது என்பதோடு, அந்த நஞ்சு அதை என்ன செய்தது என்பதும் ஒரே சிப்பியிடமிருந்து தெரிந்தது. ரசாயன அளவை மட்டும் எழுதிவைக்கும் பட்டியல்களில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போய்விடுகிறது.

தடைக்குப் பிறகு சிப்பிகளில் கரிமவெள்ளீயம் குறைந்தது. அதன் இடத்தில் செம்பு பெயின்ட் வந்தது. இப்போது இந்தக் குடாவில் தண்ணீரில் கரைந்த செம்பைக் குறைக்க 2005 முதல் ஒழுங்குமுறை இருக்கிறது. செம்பு விஷயத்தில் பாறைச்சிப்பி அவ்வளவு நல்ல சாட்சி இல்லை. செம்பும் துத்தநாகமும் உயிருக்குக் கொஞ்சம் தேவை என்பதால் அவற்றைத் தன் உடம்புக்குள் ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். நீரில் செம்பு ஏறினால் கொஞ்ச நேரம் தன் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்ளும். ஆய்ஸ்டர் இந்த இரண்டு உலோகங்களையும் மிக அதிகமாகச் சேர்க்கும். இது தெரியாமல் நியூயார்க்கின் சிப்பியையும் டெக்ஸாஸின் ஆய்ஸ்டரையும் அருகருகே வைத்து எது சுத்தமான கரை என்று முடிவு கட்டினால் தப்பாகப் போய்விடும்.

புதன், வைட் பாயின்ட்

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே, பாலோஸ் வெர்டிஸ் குன்றுகளின் கால்மாட்டில் உள்ள கரை. தண்ணீர் இறங்கியதும் நிறையச் சிறு குட்டைகள், கடல் சாமந்திகள், நட்சத்திர மீன். பார்க்க எந்தக் குறையும் தெரியாது. இங்கிருந்து கழிவுநீர்க் குழாய்கள் கடலுக்கடியில் போய் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் திறக்கின்றன.

டாரன்ஸ் அருகே மான்ட்ரோஸ் கெமிக்கல் ஆலை 1947 முதல் 1982 வரை டிடிடி தயாரித்தது. ஆலையின் கழிவு 1970களின் தொடக்கம் வரை ஊர்ச் சாக்கடை வழியாக இந்தக் குழாய்க்கு வந்தது. வயல்களில் தெளித்த டிடிடிதான் மழையில் அடித்துக்கொண்டு கடலுக்கு வருகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1971இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு கலிபோர்னியாக் கரை நெடுகிலும் மணலுக்குள் புதைந்து வாழும் சின்ன நண்டுகளைப் பிடித்துச் சோதித்தது. பெரிய வேளாண் வடிகால்கள் கடலில் சேரும் இடத்து நண்டுகளைவிட, லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் கழிவுக்குழாய்க்கு அருகில் பிடித்த நண்டுகளில் 45 மடங்குக்கும் மேல் டிடிடி இருந்தது. குழாயை விட்டு விலக விலக அளவு இறங்கியது. இதைவிடத் தெளிவாக விரல் நீட்டிக் காட்ட முடியுமா?

குன்றின் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது பழுப்புக் கூழைக்கடாக்கள் வரிசையாகப் போயின. 1970இல் அனகாபா தீவில் 500க்கும் மேற்பட்ட கூடுகளில் ஒரே ஒரு குஞ்சுதான் தேறியது. டிடிடி சிதைந்து உருவாகும் டிடிஇ, முட்டை ஓட்டின் கால்சியத்தைக் குறைத்துவிட, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையில் முட்டைகள் நொறுங்கின. 2009இல் அந்தப் பறவையை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனையோ பறவைகள் தலைக்குமேல் போய்விட்டன. எண்ணிக்கொண்டிருக்க மனசு வரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கதை முடியவில்லை. கடலடியில் சுமார் 44 சதுர கிலோமீட்டர் பரப்பில் சேற்றோடு சேறாக டிடிடி கிடக்கிறது. நோவாவின் இருபதாண்டுத் தொகுப்பில் நாட்டின் பல இடங்களிலும் சிப்பிகளின் டிடிடி இறங்கியிருந்தாலும் கலிபோர்னியாவின் தென்பகுதி இன்னும் உயர்ந்தே நிற்கிறது. பக்கத்துக் கடல் பாலத்தில் எந்த மீன்களைச் சாப்பிடக்கூடாது என்று பல மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள். ஆலை மூடி நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் பலகை தேவைப்படுகிறது.

“புதுசா ஒண்ணு வந்தா அதையும் சிப்பியில பாக்கலாமா?” என்று அக்காவைக் கேட்டேன். பார்க்கிறார்கள். மெத்தையிலும் சோபாவிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பிரோமின் பொருள்களை நோவா சிப்பிகளில் அளந்து 2009இல் வெளியிட்டது. மிக அதிகமாக இருந்த பகுதிகளில் இந்தத் தெற்குக் கலிபோர்னியாக் கரையும் ஒன்று. வீட்டுச் சோபாவில் இருந்த பொருள் கடற்பாறையில் ஒட்டியிருக்கும் உயிரினத்தின் உடம்புக்குள்.

வியாழன், வழியில்

நாள் முழுக்கக் கார்தான். மான்டெரே தாண்டும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னாள். துறைமுகங்களில் இருக்கும் நீலச்சிப்பி எல்லாவற்றையும் ரொம்ப காலம் ஒரே இனம் என்றுதான் பதிவுசெய்து வந்தார்கள். 1988இல் புரதங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெற்கே இருப்பது மத்தியதரைக் கடலிலிருந்து வந்து குடியேறிய இனம், வடக்கே இருப்பது உள்ளூர் இனம், நடுவில் இரண்டும் கலந்தது என்று தெரிந்தது. வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது. பழைய எண்களைப் படிக்கும்போது இதையும் மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சிப்பி என்றாலே பலர் இதைத்தான் கேட்கிறார்கள். 1927இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சிப்பி சாப்பிட்டு 102 பேர் நோய்ப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள். காரணம் ஆலைக் கழிவு இல்லை, நுண்பாசி ஒன்று உண்டாக்கும் நரம்பு நஞ்சு. சிப்பியை அது பாதிப்பதில்லை, சாப்பிட்டவரைப் பாதிக்கும். அதனால் பொதுமக்கள் சாப்பிடுவதற்காகச் சிப்பி பறிப்பதை மே 1 முதல் அக்டோபர் 31 வரை ஒவ்வொரு வருஷமும் இந்த மாநிலம் தடுக்கிறது. அந்த நஞ்சைக் கண்காணிக்கவும் சிப்பிகளையே கரையோரம் வைத்து அடிக்கடி சோதிக்கிறார்கள்.

வெள்ளி, பாலோ ஆல்டோ சேற்றுவெளி

எனக்கு இந்தப் பயணத்தின் நடுப்புள்ளி இந்த இடம்தான். காட்சி என்று சொல்ல அதிகம் இல்லை. சான் பிரான்சிஸ்கோ குடாவின் தென்கோடி, சாம்பல் சேறு, தூரத்தில் மின்கம்பங்கள், மூக்கை நீட்டி மேயும் பறவைகள். மரநடைபாதையில் நின்று பார்த்தால் சேற்றில் ஊசித்துளைபோல் ஓட்டைகள். அதற்குக் கீழே ஒரு சின்ன மட்டி இருக்கிறது, மக்கோமா என்று பெயர். ஓடு மெல்லியது, பெரிதானாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். குழாய் போன்ற உறுப்பை மேலே நீட்டிச் சேற்றின் மேற்பரப்பை உறிஞ்சி உண்கிறது.

இந்தச் சேற்றுக்கு அருகில்தான் ஊர்க் கழிவுநீர் நிலையத்தின் நீர் வெளியேறுகிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1970களின் நடுவில் இங்கே மட்டி எடுக்கத் தொடங்கியது. ஏறக்குறைய மாதாமாதம், அதே இடம், அதே இனம். மழையோ வெயிலோ யாரோ ஒருவர் முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்துவந்து, உலோக அளவைப் பார்த்து எழுதிவைத்தார்.

1970களின் இறுதியில் அந்த மட்டிகளில் வெள்ளியும் செம்பும் மிக உயர்ந்திருந்தன. வெள்ளி எங்கிருந்து? அப்போது போட்டோ என்றால் பிலிம், பிலிம் என்றால் வெள்ளி உப்பு. கழுவிய நீர் சாக்கடைக்குப் போனது. அந்தக் காலத்தில் இங்கிருந்த மட்டிகளில் பலவற்றுக்கு இனப்பெருக்க உறுப்பே சரியாக முதிரவில்லை. உயிரோடு இருந்தன, நடமாடின, ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தயாராகவில்லை. வருஷத்தில் ஒரே ஒரு தடவை வந்து எண்ணிப்போயிருந்தால் ‘மட்டிகள் உள்ளன’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

பிறகு சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தினார்கள். உலோகம் கலந்த கழிவைச் சாக்கடையில் விடாமல் அதன் மூலத்திலேயே பிடிக்கும் ஏற்பாடுகள் வந்தன. வெளியேறும் நீரில் வெள்ளியும் செம்பும் இறங்க இறங்க, மட்டிகளிலும் 1980கள் நெடுக இறங்கின. அப்புறம் அவற்றின் இனப்பெருக்கமும் திரும்பியது. அந்தச் சேற்றில் வாழும் உயிரினங்களின் கலவையே மெல்ல மாறியது. நகராட்சி ஒன்று பணம் செலவழித்துச் செய்த வேலை உண்மையில் பலன் தந்ததா என்ற கேள்விக்கு, வரைபடத்தில் இறங்கும் கோடாகவும் மட்டியின் உடம்பில் முதிர்ந்த முட்டையாகவும் பதில் கிடைத்தது. இப்படி இரண்டும் சேர்ந்து கிடைத்த இடங்கள் உலகத்தில் மிகக் குறைவு.

அக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. இங்கே மட்டும் நின்று சொன்னாள். “எங்க லேப்ல நிலையத்துக்கு உள்ள மட்டும்தான் அளப்போம். வெளிய போன தண்ணி யாருக்கு என்ன பண்ணுச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுடா.”

இந்தப் பதிவின் மதிப்பு அதன் நீளத்தில்தான் இருக்கிறது. பத்து வருஷம் எடுத்துவிட்டு நிதி இல்லை என்று நிறுத்தியிருந்தால் உயர்ந்த எண்கள் மட்டும் கையில் இருந்திருக்கும், மீட்சி யாருக்கும் தெரிந்திருக்காது. கலிபோர்னியா மாநிலத்தின் சொந்தச் சிப்பித் திட்டம் 1977இல் தொடங்கி 2000களின் தொடக்கத்தில் நின்றுபோனது. நாடு தழுவிய திட்டமும் பிற்காலத்தில் எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் எடுப்பதை விட்டு, பகுதி பகுதியாகச் சுழற்சிக்கு மாறியது. பெரிய கருவி வாங்குவதற்குக் கிடைக்கும் பணம், அதே சேற்றுக்கு மறுபடியும் போய்வருவதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. நின்றுபோன வருஷங்களைப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அளக்க முடியாது.

சனி, போடேகா ஹெட்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பசிபிக்கை நேராகப் பார்த்து நிற்கும் முனை. அலை வந்து மோதும் பாறை முழுக்கக் கலிபோர்னியாச் சிப்பி, தடித்த, கோடு விழுந்த ஓடு. காற்று நிற்கவே விடவில்லை.

சான் பிரான்சிஸ்கோ குடாவின் உட்பகுதியில் பல இடங்களில் இயற்கையாகச் சிப்பி கிடையாது. அங்கே என்ன செய்வது? சுத்தமான இடத்திலிருந்து எடுத்துவந்து வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்து எடுத்து அளக்கிறார்கள். 1993இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ குடாக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அப்படிச் சிப்பி போனது இந்த முனையிலிருந்துதான். ஆற்றுநீர் கலந்து உப்பு குறைகிற பகுதிகளில் இந்தச் சிப்பி தாங்காது. அங்கே ஆய்ஸ்டர், இன்னும் மேலே நன்னீர்ப் பக்கம் நன்னீர் மட்டி என்று மூன்று இனங்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். எடுத்ததில் ஒரு பங்கை உடனே சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். தொடக்க அளவு தெரிந்தால்தானே மூன்று மாதத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று சொல்ல முடியும். உலோகம் பார்க்கப் போகும் சிப்பி பிளாஸ்டிக் பையில், கரிம நஞ்சு பார்க்கப் போவது அலுமினியத் தாளில். மாறினால் பையே மாதிரியைக் கெடுத்துவிடும்.

சுத்தமான இடம் என்று எழுதினேன். ஆனால் கேட்மியம் என்ற உலோகத்தைப் பார்த்தால் இந்தப் பக்கத்துத் திறந்த கரைச் சிப்பிகளில் அது அதிகம். கோல்ட்பெர்க்கின் முதல் சுற்றிலேயே மத்தியக் கலிபோர்னியாவில் இது கண்ணில் பட்டது. காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டுபோக, ஆழ்கடல் நீர் மேலே வருகிறது. ஆழ்நீரில் ஊட்டச்சத்தோடு கேட்மியமும் இயற்கையாகவே கூடுதல். யாரும் கொட்டியதில்லை. எண் உயர்ந்திருந்தால் உடனே ஆலையைத் தேடக்கூடாது, கடல் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். சிப்பியை நம்புகிறவர்கள் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

முனையின் உட்பக்கம் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு குளம் இருக்கிறது. இங்கே அணுமின் நிலையம் கட்டக் குழி தோண்டினார்கள். சான் ஆன்ட்ரியாஸ் நிலப்பிளவு பக்கத்திலேயே ஓடுகிறது. ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள், குழிக்குள்ளேயே ஒரு பிளவு தெரியவந்தது, 1964இல் திட்டம் கைவிடப்பட்டது. குழியில் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. ஒட்டினாற்போல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கடலாய்வுக்கூடம் இயங்குகிறது. அந்த நிலையம் வந்திருந்தால் சூடான குளிர்விப்பு நீர் விழும் கரையில் ஒப்பீட்டுக்குச் சிப்பி எடுக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நாளைக் காலை தெற்கே திரும்புகிறோம். பாலோ ஆல்டோ மட்டிகளின் அளவுகளும் நோவாவின் சிப்பி அளவுகளும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள். கடல் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், முதலில் பாலோ ஆல்டோவின் வெள்ளி வரிசையை எடுத்து வருஷவாரியாக வரைந்து பாருங்கள். ஒரு பிற்பகல் போதும்.